கருப்பட்டி போட்டால் டீ ஏன் திரிகிறது? இனிப்பில் நேரும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் சீனியைத் தள்ளிவைத்துவிட்டு, மசாலா டீயில் வெல்லமோ கருப்பட்டியோ போடும் வீடுகளை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. நல்லதுதான். ஆனால் சீனியைப் போட்ட அதே பழக்கத்தில், கொதிக்கிற பாலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டால் டீ திரிந்துவிடுகிறது. பழி பால்காரர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு இனிப்புக்கும் அதற்கென்று ஒரு நேரமும் அளவும் உண்டு. இனிப்பை மட்டும் மாற்றிவிட்டு முறையை மாற்றாமல் விடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் புளிப்பு பட்டால் கட்டிக்கொள்ளும். பால் சூடாக இருந்தால் கொஞ்சம் புளிப்பே போதும். வெல்லத்தில் லேசான அமிலத்தன்மையும் தாது உப்புகளும் இருக்கின்றன. சுத்திகரித்த சீனியில் இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கசிந்து, டப்பாவிலேயே புளிக்கத் தொடங்கிய வெல்லம் என்றால் கேட்கவே வேண்டாம். டீயை முழுதாகக் கொதிக்கவைத்து இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, பிறகு இனிப்பைச் சேருங்கள். சேர்த்தபின் மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். மீந்ததைச் சுடவைத்துக் குடிக்கும் வீடாக இருந்தால், டீயை இனிப்பில்லாமல் எடுத்துவைத்து அவரவர் டம்ளரில் பாகு விட்டுக்கொள்வது உத்தமம்.

பச்சை இஞ்சியையும் கவனிக்க வேண்டும். அதில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் பகுதியில், இஞ்சிச் சாற்றின் மேல் சூடான இனிப்புப் பாலை ஊற்றி உறையவைத்து ஒரு பலகாரமே செய்கிறார்கள். நாம் செய்வது டீ. எனவே இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதித்த பிறகே பாலை ஊற்ற வேண்டும். கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும். கொதிக்கிற பாலில் இஞ்சியையும் வெல்லத்தையும் ஒன்றாகப் போடுகிறவர் பன்னீர்க் கட்டிக்குத்தான் அடி போடுகிறார்.

கருப்பட்டியைக் கட்டியாகப் போடுவது இன்னொரு தவறு. ஒரு கட்டியை உடைத்து, மூழ்கும் அளவு தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் மணலும் தூசும் கறுப்பாகப் படிந்து நிற்கும். வடித்த பாகை மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாட்களுக்குக் கவலை இல்லை. கருப்பட்டிப் பணியாரத்துக்கு அத்தனை பக்குவமாகப் பாகு வடிக்கும் ஆச்சிமார், டீ என்றதும் ஏன் கட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மசாலாவையும் இனிப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். கருப்பட்டியின் மணம் ஏலக்காயை அமுக்கிவிடும். அதற்கு ஈடு கொடுப்பவை சுக்கும் மிளகும்தான். ஏலக்காய் மணம் வேண்டுமென்றால் சீனியோ பனங்கற்கண்டோ போதும். பனங்கற்கண்டைப் பொடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இனிப்பு முழுவதும் கடைசி மிடறில்தான் கிடைக்கும்.

அடுத்தது டின் பால். ஒரு காலத்தில் நகரத்தார் லேவாதேவி நடத்திய பர்மாவிலும் மலேயாவிலும் டீக்கு இனிப்பே கண்டென்ஸ்டு மில்க்தான். அதில் 100 கிராமுக்கு 40 முதல் 45 கிராம் வரை சேர்த்த சர்க்கரை இருக்கும். மலேசியாவில் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரிக் டீயும், இஞ்சி சேர்த்த தே ஹாலியாவும் இதை நம்பித்தான் நிற்கின்றன. வளைகுடா நாடுகளின் கரக் டீ அப்படி அல்ல. அதில் ஊற்றுவது எவாப்பரேட்டட் மில்க்; அது வெறுமனே வற்றவைத்த பால், சர்க்கரை சேர்க்காதது. ஏலக்காயோடு சீனியைத் தனியாகப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். இரண்டு டின்னும் கடை அலமாரியில் அருகருகே இருப்பதால், கரக் போடுவதாக நினைத்துக் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிச் சீனியையும் போடுகிறவர்கள் உண்டு. பிறகு டீ வாயில் வைக்க முடியாத தித்திப்பு. மலேசியாவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு: அங்கே கடையில் சீனி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பு இருந்தே தீரும். இனிப்பே கூடாதென்றால் ‘தே சி கோசோங்’ என்று, அதாவது எவாப்பரேட்டட் மில்க் ஊற்றிய, சீனி போடாத டீ என்று கேட்க வேண்டும்.

காஷ்மீரின் இளஞ்சிவப்பு நூன் சாயில் உப்புதான் போடுவார்கள். நிறம் வருவது சோடா உப்பு சேர்த்துப் பச்சைத் தேயிலையை நெடுநேரம் காய்ச்சுவதால். பாகிஸ்தானில் அதையே சீனியும் பிஸ்தாவும் போட்டுப் பரிமாறுகிறார்கள். இரண்டில் ஏதாவது ஒன்று. உப்பையும் சீனியையும் சேர்த்துப் போட்டுப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

“கருப்பட்டிதானே ஆச்சி, சர்க்கரை ஏறாது” என்று நீரிழிவுக்காரருக்கு இரண்டாவது டம்ளரை நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தாதுச்சத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இவற்றையும் தேனையும் சேர்த்தே, நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்று மூன்று டீ குடித்தாலே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும், மாலைப் பலகாரம் இன்னும் தட்டுக்கு வரவே இல்லை.