மாகாணத்திடம் ஓர் அதிகாரம் உண்மையில் இருக்கிறதா என்று அறிவது எப்படி?

இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கல்வி, சுகாதாரம், காணி, பொலிஸ் ஆகியவற்றை 1987ஆம் ஆண்டிலேயே மாகாணங்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வோர், அதிகாரங்களை நிரல்களாகப் பிரித்துக் காட்டும் ஒன்பதாவது அட்டவணையை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் விடயம் மாகாண சபை நிரலில் இருந்தாலும், மத்திய அரசுக்குரிய விடயங்களைக் கொண்ட ஒதுக்கிய நிரலின் முதல் உருப்படியையும் சேர்த்துப் படியுங்கள். எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கையை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்று அது கூறுவதால், மாகாணத்தின் எந்தத் துறைக்குள்ளும் கொழும்பு நுழைய முடியும்.

அடுத்து அந்த அட்டவணையின் பின்னிணைப்புகளுக்குச் செல்லுங்கள். காணி மாகாண நிரலில் இருக்கிறது. ஆனால் அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது என்று அதற்கான பின்னிணைப்பு சொல்கிறது, 2013இல் உயர் நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. மாகாணங்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டிய தேசிய காணி ஆணைக்குழுவோ அமைக்கப்படவேயில்லை.

இதைவிட முக்கியமாக, கோப்பில் கையொப்பமிடும் அலுவலர் யாருக்குப் பதில் சொல்பவர் என்று கேளுங்கள். கிளிநொச்சியில் ஒரு விவசாயி காணி அனுமதிப்பத்திரத்துக்காகப் போய் நிற்பது பிரதேச செயலகத்தில். அங்குள்ள பிரதேச செயலாளர், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, மத்திய அரசின் அலுவலராகவே பணியாற்றுகிறார். மாகாணத்தின் சொந்த ஊழியர்களை நியமிக்கும், இடமாற்றும் அதிகாரத்தைக்கூட மாகாண சபைகள் சட்டம் ஆளுநரிடமே வைத்திருக்கிறது. அவரை நியமிப்பவர் சனாதிபதி. மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த முதலமைச்சருக்கு இது நேரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பணத்தையும் தேடிப் பாருங்கள். வணிக விற்பனை மீது மாகாணங்கள் அறவிட்டுவந்த புரள்வு வரி 2011இல் நீக்கப்பட்டு, மத்திய அரசு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. 2019இன் இறுதியில் அந்த வரியையும் மத்திய அரசு நீக்கிவிட்டது. நிதி சார்ந்த நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றைச் சபையில் முன்வைப்பதற்கே ஆளுநரின் பரிந்துரை வேண்டும்.

இறுதியாகச் சபை இயங்குகிறதா என்று பாருங்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019இன் இறுதிக்குள் ஒன்பது சபைகளும் கலைந்து, நிர்வாகம் ஆளுநர்களின் கைக்குச் சென்றது. 2017இல் விகிதாசாரத் தேர்தல் முறை கலப்பு முறையாக மாற்றப்பட்டதும், அதற்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் நிராகரித்ததுமே தேர்தல் தடைப்பட்டதற்குக் காரணம். ஆகவே மாகாண சுயாட்சி பற்றி வாக்குறுதி தருவோரிடம், பழைய முறையில் தேர்தலை நடத்துவதற்கான சட்டத்திருத்தத்தை எப்போது கொண்டுவருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.