மருந்து ட்ரோனின் கார்பன் தட்டு: போல்ட் துளையைச் சோதிப்பது எப்படி

செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ட்ரோனை வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாலு பேர் கூடினால் பேட்டரி பற்றித்தான் பேச்சு, மோட்டார் கைகளை நடுவில் பிடித்திருக்கும் கார்பன் தட்டை (கார்பன் இழைகளை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் ஒட்டியது) யாரும் கண்டுகொள்வதில்லை. கேட்டால் "கீறல் ஒன்னும் இல்லண்ணே" என்பார்கள். கீறலுக்காகக் காத்திருப்பது அலுமினியத்துக்குச் சரி, அதில் ஒரு விரிசல் பிறந்து வளர்ந்து கண்ணில் படும். கார்பனில் சேதம் அடுக்குகளுக்கு நடுவே, பல இடங்களில் ஒரே சமயத்தில் பரவும், பெரும்பாலும் துளை ஓரத்திலிருந்து.

ஏன் துளை? அகலமான தட்டில் வட்டத் துளை போட்டு இழுத்தால் துளை ஓரத்தில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு ஏறும் விசை, 3 மடங்காகும் என்று 1898-லேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுவிட்டார். இழைகளை எல்லாத் திசையிலும் சமமாக அடுக்கிய கார்பன் தட்டுக்கும் அதே 3தான். எல்லா இழையும் இழுக்கும் திசையிலேயே ஓடினால் 6 மடங்கைத் தாண்டும். டாங்கி நிறைய மருந்தோடு எழும்பும் ஒவ்வொரு முறையும் இந்தச் சுமை ஏறி இறங்குகிறது, மோட்டார் அதிர்வு வேறு. முதலில், இழை குறுக்காக ஓடும் அடுக்குகளில் பிசின் வெடிக்கும், அப்புறம் துளையின் இரு பக்கமும் மூங்கில் பிளப்பது போல இழைவாக்கில் பிளவு ஓடும், பிறகு அடுக்குகள் பிரியும், இழை அறுவது கடைசியில்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிளவு ஓரத்துத் தகைவைத் தணிப்பதால், ஆய்வுக்கூடத்தில் பலமுறை இழுத்துத் தளர்த்திய தட்டு சில சமயம் புதுத் தட்டைவிடக் கூடுதலாகவே தாங்கும். அதை நம்பிவிடாதீர்கள். அழுத்தும்போது கதை வேறு, பிரிந்த மெல்லிய அடுக்கு புடைத்து வளைந்துவிடும். சுமை நடுவில் தொங்க, தூக்குவிசை ஓரங்களில் இருப்பதால் ட்ரோனில் மேல்தட்டுக்குத்தான் அழுத்தம், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.

பேட்டரி, விசிறிகளைக் கழற்றி, டாங்கியைக் காலி செய்து, மருந்துப் படிவு போகத் துடைத்து உலர விடுங்கள். போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் துளையின் உள்சுவரைப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள், பஞ்சுபோல் நீட்டிய இழை, வாஷர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி லேசான மேடு, எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். விரலால் தடவ வேண்டாம், கார்பன் சிராய் ஏறினால் எடுப்பது பெரும் பாடு. அப்புறம் நிழலில் வைத்து ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. மேற்பரப்பு நொடியில் காய்ந்துவிடும், பிளவு இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும்.

50 காசால் தட்டியும் கேட்கலாம். நல்ல இடம் 'டிங்' என்கும், பிரிந்த இடம் மந்தமாக 'டொக்' என்கும். துளையை ஒட்டிய சின்னப் பிரிவு இதில் தப்பிவிடும், காதை மட்டும் நம்பக் கூடாது. எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று: நடு உடலை மேசையில் இறுக்கி, மோட்டார் கையின் நுனியில் எப்போதும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். தட்டு புதிதாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தும் தாழ்வு கூடிக்கொண்டே போனால் விறைப்பு குறைகிறது என்று அர்த்தம்.

துளை நீள்வட்டமாகிவிட்டாலோ அடுக்கு பிரிந்திருந்தாலோ தட்டை மாற்றுங்கள். சூப்பர் குளூ ஊற்றினால் பிளவு கண்ணுக்கு மறையும், பலம் திரும்பாது. பெரிதாகத் துளைத்துப் பெரிய போல்ட் போடுவது அதைவிட மோசம்.

புதுத் தட்டில் நீங்களே துளை போடுவதானால் அடியில் பலகை வைத்து இறுக்குங்கள், இல்லையென்றால் பிட் வெளியேறும் பக்கம் அடுக்கு பெயர்ந்து, பறப்பதற்கு முன்பே சேதம் ஆரம்பித்துவிடும். கூரான கார்பைட் பிட், அதிக வேகம், மெதுவான அழுத்தம். துளை நடுவிலிருந்து தட்டின் விளிம்புக்குக் குறைந்தது துளை விட்டத்தில் 3 மடங்கு இடம் விடுங்கள். முகக்கவசம் கட்டாயம். தூள் மின்சாரம் கடத்தும், சர்க்கியூட் பக்கத்தில் துளைக்காதீர்கள். அகலமான வாஷர் போடுங்கள், அதுவும் ஸ்டெயின்லெஸ். நம் ஊர் ஈரத்தில் அலுமினியம் கார்பனைத் தொட்டால் அரித்துவிடும்.

கழித்த தட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டே வீசுங்கள். முழுசாகக் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.