சீக்வென்சர் ஓடும்போது கையை எடுக்காதீர்கள்

போன மாதம் ஓர் இளைஞர் தன் முதல் நீண்ட டிராக்கை எனக்கு அனுப்பிவைத்தார். 14 நிமிடம். 1970களில் மேற்கு பெர்லினில் டேஞ்சரின் டிரீம் குழுவும் கிளவுஸ் ஷுல்ட்சேயும் வளர்த்தெடுத்த பாணி: அடியில் ஓயாமல் ஓடும் சீக்வென்சர் (சில சுரங்களை வரிசையாகத் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவி), அதன் மேல் மெல்ல எழுந்து அடங்கும் சிந்தசைசர். ஒலிகளைத் தேர்ந்தெடுத்த விதம் அருமை. ஆனால் மூன்றாவது நிமிடம் வருவதற்குள் அவர் எப்படி வேலை செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். அண்மையில் கேட்ட இன்னும் இரண்டு புதியவர்களின் முயற்சியிலும் அதே கோளாறு.

கேபிளை மாற்றிச் செருகுவது, சேமிக்க மறப்பது, ஒலி அளவைச் சிவப்புவரை ஏற்றுவது, இதெல்லாம் ஒரு தடவை பட்டால் யாருக்கும் பதிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எட்டு பாரைப் பதிவுசெய்து நகலெடுத்து ஒட்டுவது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. 16 ஸ்டெப்பில் (ஸ்டெப் என்பது வரிசையில் ஒரு சுரத்துக்கான இடம்) நல்ல பேட்டர்ன் ஒன்று அமைகிறது. ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டரைக் கொஞ்சம் மூடி, டிலே (எதிரொலி) சேர்த்துக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. உடனே எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) பதிவு. அதை ஐம்பது முறை நகலெடுத்து வரிசையாக ஒட்டியாகிவிட்டது. அசைவையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. அப்புறம் மவுஸால் கட்ஆஃபுக்கு, அதாவது ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு, ஒரு கோடு. அது மேலே போகிறது, கீழே வருகிறது. வேலை முடிந்தது.

இந்த இசையில் சுரங்கள் சொற்பம். மூக் நிறுவனத்தின் 960 சீக்வென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு எட்டுக் குமிழ், அப்படி மூன்று வரிசை. ஒவ்வொரு குமிழையும் திருகித் திருகிக் காதால்தான் சுருதி சேர்க்க வேண்டும். பக்கத்துச் சுரத்தில் தானாகப் போய் நிற்கும் வசதி அதில் கிடையாது. இவ்வளவு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு ஓர் இசைத்தட்டின் முழுப் பக்கத்தையும் எப்படி நிரப்பினார்கள்? சுரங்களை இயந்திரம் பார்த்துக்கொண்டது. அதனால் வாசிப்பவருக்கு இரண்டு கையும் மிச்சமாயின. அந்தக் கைகள் கட்ஆஃபையும், சுரம் அடங்கும் நேரமான டிகேயையும், கட்ஆஃப் புள்ளியைக் கூர்மையாக்கும் ரெசனன்ஸையும் வாசித்தன. நடுவில் ஒரு ஸ்டெப்பின் சுருதியை மாற்றின. 960இல் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கீழே ஒரு சுவிட்ச் உண்டு: வழக்கம்போல் ஒலிக்கலாம், தாண்டிப் போகலாம், அங்கேயே நிற்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்டெப்பைத் தாண்டவிட்டால் எட்டு ஏழாகிவிடும். மொத்தத் தாளமும் சாய்ந்துகொள்ளும். நகலெடுத்து ஒட்டும்போது இந்த வாசிப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இதில் இன்னொரு சிக்கல், காதுக்கு மட்டும் தெரிவது. ஒலியை உண்டாக்கும் இரண்டு ஆஸிலேட்டரின் சுருதியை ஒரு மயிரிழை விலக்கி வைத்திருக்கிறீர்கள், ஒன்று 110 ஹெர்ட்ஸ், மற்றது 110.3 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஏறத்தாழ 3.3 விநாடிக்கு ஒருமுறை பொங்கி வடியும். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) எட்டு பார் என்பது 16 விநாடி. பொங்கி வடிவது அந்த 16 விநாடிக்குள் முழு எண்ணிக்கையில் அடங்காது. ஒட்டிய இடம் வரும்போது பாதிப் பொங்கலில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டிலேயின் வாலும் அங்கேயே துண்டாகும். கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் நான்காவது முறை வருவதற்குள் "இது சுற்றிச் சுற்றி வருகிறது" என்று மனம் முடிவுகட்டி, கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடும்.

நான் இப்படி ஏழு மாதத்தை இழந்தேன். 40 நிமிட இசை, எல்லாம் ஒட்டுவேலை. முடித்ததும் என்னைவிட மூத்த நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஏழாவது நிமிஷத்துல ஃபில்டர் திறக்குதே, அப்போ எதைக் கேட்டு நீ திறந்தே?"

எதையும் கேட்கவில்லை. அந்தக் கோட்டை வரைந்தபோது ஸ்பீக்கர் அணைந்திருந்தது. ராத்திரி நேரம், திரையைப் பார்த்து வளைவு அழகாக இருக்கும்படி வரைந்தேன். சரி, திரும்ப வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், முதல் எட்டு பாரைப் பதிவுசெய்த நாளில் குமிழ்கள் எங்கே நின்றன என்ற குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை. அதே ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 40 நிமிடத்தையும் தூக்கிப் போட்டேன். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது சுருங்குகிறது. அதனால்தான் இன்னொருவர் அதே குழியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பேட்டர்ன் அமைந்ததும் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, 20 நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடாதீர்கள். பிறகு கட்ஆஃபை மட்டும், நான்கு நிமிடத்தில் கால் சுற்று என்ற வேகத்தில் நகர்த்துங்கள். கை பதறும், இன்னும் வேகமாகத் திருப்பச் சொல்லும். பொறுத்துக்கொள்ளுங்கள். டிகே கொஞ்சம் நீளும்போது தனித்தனிச் சொட்டுகளாக விழுந்துகொண்டிருந்த சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு நிமிடம் போய்வந்தாலே அது ஒரு பகுதியாகிவிடும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பேட்டர்ன் முழுவதையும் மேலே நகர்த்துவதை எட்டாவது நிமிடம்வரை ஒதுக்கிவையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி மாறினால் அந்த மாற்றத்துக்கு எடை இருக்காது. 20 நிமிடத்தில் நல்ல 12 நிமிடம் கிடைத்தால் முன்னையும் பின்னையும் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் வெட்டாதீர்கள்.

மென்பொருள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். உண்மையான குமிழ் ஒன்றே ஒன்று இருக்கிற கன்ட்ரோலர் போதும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக வேலை செய்யும் சாதாரணக் குமிழுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ரெசனன்ஸை ஏற்றி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் காதில் விழும். ஃபில்டரின் முழு வீச்சுக்கும் குமிழை ஒப்படைக்காமல், உங்களுக்கு வேண்டிய சின்ன வீச்சுக்குள் 128 படிகளையும் அடக்கிவையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

டிலே நேரத்தைக் குத்துமதிப்பாக வைப்பது

இந்த இசையில் டிலே பாதி வாத்தியம். 120 டெம்போவில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி. அதில் முக்கால் பங்கு, அதாவது 375 மில்லி விநாடி வைத்துப் பாருங்கள். எட்டாம் பங்கு சுரங்களாக (தட்டுக்கு இரண்டாக) ஓடும் எளிய பேட்டர்னில், ஒவ்வொரு எதிரொலியும் இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழுந்து, வேகம் இரண்டு மடங்கானதுபோல் கேட்கும். 1977இல் பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாடலுக்காக ஜார்ஜியோ மொரோடர் மூக் மாடுலர் சிந்தசைசரில் அமைத்த அந்தப் புகழ்பெற்ற பாஸ் வரியிலும் டிலேதான் இந்த வேலையைச் செய்தது: ஒரு பக்கம் மூலச் சுரம், மறுபக்கம் எதிரொலி. டெம்போவை மாற்றினால் டிலேயையும் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். 110 டெம்போவில் அதே முக்கால் பங்கு 409 மில்லி விநாடி. 375இலேயே விட்டுவிட்டால் ஓட்டம் நொண்டும்.

சுருதி நகர்வைப் பொடி தூவுவதுபோல் தூவுவது

பழைய அனலாக் ஆஸிலேட்டர் சுருதி விலகுவதற்குக் காரணம் சூடு. வோல்ட்டை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர் ஜோடி, ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் விலகும். அதை ஈடுகட்டத்தான் வெப்பத்துக்கேற்ப மாறும் தனி ரெசிஸ்டரை வைப்பார்கள். ஒரு வோல்ட்டுக்கு ஓர் ஆக்டேவ் என்ற கணக்கில் அரைச் சுரம் என்பது 83 மில்லிவோல்ட் சொச்சம்தான். ஆக, சின்னப் பிசகுகூட காதுக்கு எட்டும். 1973 இறுதியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள மேனர் ஸ்டூடியோவில் டேஞ்சரின் டிரீம் பதிவுசெய்து, 1974இல் வெளிவந்த ‘ஃபீட்ரா’வின் தலைப்பு இசையில், மூக் சூடேற ஏற சீக்வென்ஸ் சுருதி நகர்வதை அப்படியே கேட்கலாம்.

கவனித்துக் கேளுங்கள்: அந்த நகர்வு மெதுவானது, ஒரு திசையில் போவது. பிளக்இன்னில் (மென்பொருள் கருவியில்) இருக்கும் டிரிஃப்ட் (சுருதி நகர்வு) குமிழை முழுக்கத் திருகினால் வருவது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடுங்கும் ஒலி. அது பழுதான கருவியின் ஒலி. உண்மையான கருவி கையில் இருந்தால், மின்சாரம் கொடுத்து அரைமணி நேரம் கழித்துச் சுருதி சேருங்கள்.

ரெசனன்ஸை ஏற்றிவிட்டு பாஸைத் தேடுவது

லேடர் ஃபில்டரில் ரெசனன்ஸ் ஏறினால் பாஸ் இறங்கும். அதன் அமைப்பே அப்படி. ஈக்வலைசரைத் தொடாதீர்கள், ரெசனன்ஸைக் குறையுங்கள்.

மெல்லோட்ரானில் ஒரே கார்டை (சுரக்கூட்டை) அழுத்திக்கொண்டே இருப்பது

மெல்லோட்ரான், டேப்பில் பதிந்த குரல்களையும் வயலின்களையும் ஒலிக்கவைக்கும் கீபோர்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு. அது ஏறத்தாழ 8 விநாடிதான் ஓடும். கட்டையை விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதனால் வாசித்தவர்கள் 8 விநாடிக்குள் விரலை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அந்தக் குரல்களும் வயலின்களும் ஒரு மூச்சு எடுத்து விடுவதுபோல் நகர்வது இதனால்தான். பிளக்இன் 40 விநாடிகூட விடாமல் ஒலிக்கும். ஒலிக்கவிடாதீர்கள். ஏழாவது விநாடியில் ஒரு விரலையாவது எடுங்கள்.

எல்லாப் பேட்டர்னுக்கும் 16 ஸ்டெப்

ஒன்றை 8 ஆகவும் மற்றொன்றை 7 ஆகவும் வையுங்கள். 56 ஸ்டெப்புக்கு ஒருமுறைதான் இரண்டின் தொடக்கமும் சேரும்.

சீக்வென்சருக்கு ரிவெர்ப் (அறை முழக்கம்)

வேண்டாம்.

பழைய கருவி கிடைக்கட்டும் என்று காத்திருப்பது

காத்திருக்காதீர்கள்.

குமிழ்கள் நின்ற இடத்தைக் குறித்துவைக்காதது

பழைய மினிமூக் சிந்தசைசருக்கு நினைவகம் கிடையாது. 1978இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர், ஒலி அமைப்புகளைச் சேமித்துவைத்து ஒரு பொத்தானில் திரும்பக் கொண்டுவந்தபோது, மேடையில் வாசிப்பவர்கள் பட்ட பாடு பாதியாகக் குறைந்தது. ஆனால் நினைவகம் உள்ள கருவியிலும், 20 நிமிடம் வாசித்து முடிக்கும்போது குமிழ்கள் நிற்கிற இடம் சேமித்த இடமாக இருக்காது. நான் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு படம் எடுக்கிறேன், தொடங்கும் முன் ஒன்று, கடைசிச் சுரம் அடங்கியதும் ஒன்று. மறுநாள் வேலையைத் தொடர உட்காரும்போது பெரும்பாலும் நான் திறப்பது இரண்டாவது படத்தைத்தான்.