உடையற்ற உருவத்தை வரையும்போது நேரும் தவறுகள்

எதிரே நிற்பவரைப் பார்த்து உடலை வரையும் லைஃப் டிராயிங் வகுப்புக்கு முதன்முறையாக வரும் மாணவர்கள், தாளைத் தாங்கும் ஈசல் சட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "மனத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?" ஒருவர் உடையின்றி மேடையில் நிற்கப்போகிறார், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், இரண்டு மூன்று மணி நேரம். கேள்வி நியாயமானதே. ஆனால் மனத்தைக் கட்டுப்படுத்தக் கிளம்புவதுதான் முதல் தவறு என்பேன். கைதேர்ந்த ஓவியர் மனத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. கண்ணுக்கு வேலை கொடுத்துவிடுகிறார். மனம் தானாகக் கண்ணின் பின்னால் போய்விடுகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, கண்ணுக்கு வேலை கொடுக்காததால் வருபவை. மீதி, எதிரே நிற்பவர் ஒரு மனிதர் என்பதை மறப்பதால் வருபவை.

கூச்சத்தைக் குற்றமாக எண்ணுவது

கூச்சம் வருவது இயல்பு. நம்மில் பலர் உடலைப் பற்றிய பேச்சே எழாத வீடுகளில் வளர்ந்தவர்கள். முதல் சில நிமிடங்களில் காது சூடாவதும், பார்வை தாளைவிட்டு நிமிர மறுப்பதும், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு வருவதும் எந்த ஊர் வகுப்பிலும் நடக்கும். இதை ஒழுக்கக்கேடாக நினைத்து உள்ளுக்குள் அடக்கப் பார்ப்பவருக்குத்தான் அது நீடிக்கிறது. பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஒருவர் எப்படி வரைய முடியும்?

வகுப்புகள் குறுகிய போஸ்களில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று மாடல் அடுத்தடுத்து நிலை மாற்றுவார். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை உடல் எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறது என்ற ஒற்றைக் கோட்டைப் பிடிப்பதற்குள் அடுத்த போஸ் வந்துவிடும். வெட்கப்பட அவகாசமே இருக்காது. பத்துத் தாள் தீர்ந்த பிறகு பார்த்தால் கூச்சம் எப்போது போனதென்றே தெரியாது. ஆகவே, நேரம் தாழ்ந்து வந்து இந்தச் சுற்றைத் தவறவிட்டு, நேராக 20 நிமிட போஸில் உட்காருவது உங்களுக்கே நீங்கள் செய்துகொள்ளும் கெடுதல். நடு போஸில் கதவைத் திறந்துகொண்டு நுழைவது மாடலுக்குச் செய்யும் கெடுதல்.

கண்ணுக்குக் கேள்வி இல்லாமல் உட்காருவது

கவனம் சிதறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேலையின்மைதான். முகத்தில் தொடங்கி, கண்ணையும் இமையையும் பத்து நிமிடம் மெருகேற்றிவிட்டு, அதன்பின் என்ன செய்வதென்று தெரியாமல் பார்வையை உடல் முழுக்க அலையவிடும் மாணவரைப் பாருங்கள். அவருக்குத்தான் மனம் அலைபாயும். அவரிடம் கேள்வி தீர்ந்துபோய்விட்டது.

மாடல் வலது காலில் எடையை ஊன்றி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது இடுப்பெலும்பு மேலே ஏறியிருக்கும். இடது இடுப்பு தாழ்ந்து, இடது முழங்கால் தளர்ந்து முன்னால் வந்திருக்கும். அதை ஈடுகட்ட வலது தோள் இறங்கும். தோள்களை இணைக்கும் கோடும் இடுப்பெலும்புகளை இணைக்கும் கோடும் எதிரெதிர்த் திசையில் சாயும். வலப்பக்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே தசை நெருங்கி மடிய, இடப்பக்கம் நீண்டு இழுபடும். தொண்டைக்குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது ஏறக்குறைய வலது கணுக்காலின் மேல் வந்து விழ வேண்டும். உங்கள் தாளில் அப்படி விழவில்லை என்றால், நீங்கள் வரைந்த உருவம் கீழே விழுந்துகொண்டிருக்கிறது.

கேள்விகள் இன்னும் இருக்கின்றன. கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தலையின் உயரத்தை அளந்தால், மொத்த உயரம் எத்தனை தலை வருகிறது? நிற்கும் வயதுவந்தவருக்குப் பெரும்பாலும் ஏழு, ஏழரை வரும். இடுப்பில் கை வைத்திருக்கிறார் என்றால், கைக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் வெற்றிடம் என்ன வடிவம்? கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மிக அடர்ந்த நிழல் எங்கே விழுகிறது, தாடைக்குக் கீழா, தொடை இடுக்கிலா? இவற்றுக்கெல்லாம் விடை தேடிக்கொண்டிருப்பவருக்கு 20 நிமிடம் போதாது. நேரம் முடிந்தது என்ற குரல் கேட்டுத்தான் அவர் நிமிர்வார்.

தமிழ் வாசகருக்கு இந்த நிலை புதிதன்று. சோழர் காலத்துப் பார்வதி செப்புத்திருமேனிகளில் நாம் பார்க்கும், உடல் மூன்று இடங்களில் வளையும் திரிபங்க நிலையிலும் எடை ஒரு காலில்தான் இருக்கிறது. தலையும் உடலும் இடுப்பும் மாறிமாறிச் சாய்கின்றன. அந்த உருவங்கள் தாளம் என்னும் சிற்ப அளவுமுறையில் வடிக்கப்பட்டவை. உருவத்தின் உயரம் உத்தம தசதாளம் என்ற அளவில் 124 அங்குலம், தேவியருக்குரிய மத்திம தசதாளத்தில் 120 அங்குலம்; இங்கே அங்குலம் என்பது இன்ச் அன்று, அந்த உருவத்தின் உயரத்தைப் பிரித்த ஒரு பாகம். ஸ்தபதி கையில் அளவுக்கணக்கை வைத்துக்கொண்டுதான் தேவியின் இடையையும் மார்பையும் வடிக்கிறார். ஐரோப்பிய லைஃப் டிராயிங் எதிரே நிற்பவரைப் பார்த்து வரைவது, நம் சிற்ப மரபு இலக்கணத்திலிருந்து வடிப்பது. இவை வேறு வேறு வழிகள்தான். ஆனால் அளவைப் பற்றிக்கொண்டிருக்கும் மனத்துக்கு வேறெங்கும் போக நேரமிருக்காது என்பது இரண்டு இடத்திலும் உண்மை.

இவ்வளவுக்குப் பிறகும் கவனம் நழுவினால்? நழுவும், யாருக்கும் நழுவும். சார்க்கோல் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போய் உங்கள் தாளைப் பாருங்கள். திரும்பி வந்ததும் பாதத்திலோ கையிலோ தொடங்குங்கள். விரல்களைப் போல மனத்தைக் கட்டிப்போடும் இடம் உடலில் வேறில்லை. அதுவும் உதவவில்லை என்றால் போஸ் மாறும் இடைவெளியில் சத்தமில்லாமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதற்காகத் தன்னைத்தானே வைதுகொள்ளத் தேவையில்லை.

சில இடங்களைத் தாண்டிப் போவது

புதியவர்களின் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் ஒரு பொதுவான குறை கண்ணில் படும். தோளும் வயிறும் தெளிவாக இருக்கும். இடுப்புக்குக் கீழே திடீரென்று கோடுகள் மங்கும். விரலால் தேய்த்த கரும்புகை ஒன்று அங்கே மிதக்கும். பிறகு முழங்காலில் மறுபடியும் தெளிவு வரும். மரியாதை கருதித்தான் அப்படிச் செய்கிறார்கள். விளைவு என்னவோ நேர்மாறானது. பார்ப்பவர் கண் முதலில் போவது அந்தப் புகைமூட்டத்துக்குத்தான். உடற்கூறு வகையிலும் இது பெரிய இழப்பு. நிற்கும் உடலின் நடுப்புள்ளி ஏறக்குறைய அடிவயிற்றின் கீழ்முனையிலுள்ள பூப்பெலும்பின் மட்டத்தில் வருகிறது. அங்கே அளவு பிசகினால் கால்கள் குட்டையாகும், அல்லது உடம்போடு சேராமல் தொங்கும்.

எதிர்த்தவறும் உண்டு. மார்பையோ பிறப்புறுப்பையோ மட்டும் நுணுக்கமாக முடித்துவிட்டுக் கையையும் பாதத்தையும் அவசரமாகக் கிறுக்குவது. முழங்கைக்கு எவ்வளவு கோடு, எவ்வளவு நிழல் தருகிறீர்களோ அவ்வளவே எல்லாவற்றுக்கும் தாருங்கள். நிழல் விழும் இடத்தில் எல்லாமே நிழலாகட்டும், வெளிச்சம் படும் இடத்தில் எல்லாமே வெளிச்சமாகட்டும். இது ஒன்றுதான் நான் சொல்லக்கூடிய நேர்மையான விதி.

துணி போட்டு மூடினால் ஒழுக்கம் வந்துவிடும் என்று நம்பிய காலம் நீளமானது, அதன் சுமையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். லண்டனில் ராயல் அகாதமி என்ற கலைக் கழகம் 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆண் மாடல்களைச் சுற்றிக் கூடியிருக்கும் காட்சியை ஓவியர் யோஹன் சோஃபனி 1771–72இல் வரைந்தார். அந்த அறையில் பெண்கள் இருக்கக்கூடாது என்பதால் அவர்கள் இருவரும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டும் அதில் இருக்கிறார்கள். அங்கே பெண் மாணவர்களுக்கு, அதுவும் துணி சுற்றிய மாடலை வரைய, 1893இல்தான் வழி பிறந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றிக் காட்டிய ஓவிய ஆசிரியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1886இல் பென்சில்வேனியா அகாதமியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. பாரிஸில் தனியார் ஓவியக் கூடங்கள் பெண்களுக்குக் கதவு திறந்தன. 1929இல் அங்கே போன இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கில் முதலில் சேர்ந்த கிராண்ட் ஷோமியேர் அப்படிப்பட்ட கூடம்தான். அவருடைய அக்காலத்துச் சார்க்கோல் உருவப் பயிற்சிகளில் எந்தப் பதற்றமும் இல்லை. எலும்பும் எடையும் நேராகத் தாளில் இறங்கியிருக்கின்றன.

மாடலை மறப்பது

"ஜாடியைப் பார்ப்பதுபோல் பார்" என்று மூத்தவர்கள் அறிவுரை சொல்வதுண்டு. அளக்கும்போது அது உதவும். ஆனால் ஜாடிக்குக் குளிராது, கால் மரத்துப்போகாது, யாராவது கிசுகிசுத்தால் அதன் காதில் விழாது. வகுப்பறையின் அமைதி குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒழுங்காக நடக்கும் வகுப்பில் சில நடைமுறைகள் உண்டு. மாடல் உடை மாற்ற மறைவான இடம் இருக்கும். மேலங்கி அணிந்து வருவார், மேடையில் மட்டும் அதைக் கழற்றுவார், ஓய்வு நேரத்தில் மறுபடி அணிந்துகொள்வார். நீண்ட போஸில் 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தரப்படும். திரும்பி வந்து அதே நிலையில் நிற்பதற்காகப் பாதத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவைப்பார்கள். வகுப்பை நடத்துபவர் மட்டுமே மாடலிடம் நிலையை மாற்றச் சொல்வார், அதுவும் வாயால். தொட்டுத் திருத்துவது கூடாது. கைபேசி பைக்குள் இருக்க வேண்டும். நேரம் பார்க்கக்கூட அதை உயர்த்தாதீர்கள், படம் எடுக்கிறீர்களா என்ற ஐயமே மாடலின் உடலை இறுக்கிவிடும்.

பேச்சில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. பாராட்டுவதாக நினைத்து "உங்கள் உடம்பு அழகாக இருக்கிறது" என்று சொல்வது கூடாது. மெலிவு, பருமன், தழும்பு, பிரசவக் கோடுகள் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். போஸைப் பாராட்டுங்கள்: அந்தத் திருப்பத்தில் முதுகெலும்பின் ஓட்டம் நன்றாகத் தெரிந்தது என்று சொன்னால் அவர் செய்த வேலையை நீங்கள் மதித்தவர் ஆகிறீர்கள். அது கடுமையான வேலை. சந்தேகமிருந்தால் வீட்டில் ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். எப்போதாவது மாடலின் உடல் அவரை மீறி எதிர்வினை காட்டுவதும் உண்டு. யாரும் அதைப் பொருட்படுத்தாமல் முகத்தையோ தோளையோ தொடர்ந்து வரைவதும், வகுப்பை நடத்துபவர் சிறிது ஓய்வு அறிவிப்பதுமே அங்கே முறை.

மேடையில் நிற்பவரும் வரைபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ரெனுவா, துலூஸ் லோத்ரெக் முதலிய பிரெஞ்சு ஓவியர்களுக்கு மாடலாக இருந்த சூசான் வலடோன் அப்படிப் பார்த்தே வரையக் கற்றவர். ஓவியர் டெகா அவருடைய கோட்டோவியங்களை விலைகொடுத்து வாங்கினார். பின்னாளில் வலடோன் வரைந்த உடையற்ற பெண்கள் யாருக்காகவும் ஒயிலாக நிற்பதில்லை. களைப்பும் கனமுமாக, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாடலின் இடத்தில் இருந்தவர் கைக்கு அந்த உண்மை எளிதாக வந்திருக்கிறது.

புகைப்படத்தை நம்பி வரைவது

வகுப்பு வசதி இல்லாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் படங்களை நாடுகிறார்கள். ஆசையைத் தூண்டுவதற்காகவே எடுக்கப்பட்ட படத்தை வைத்து அமைதியாக வரைய முயல்வது வீண் போராட்டம். வெளிச்சமும் கோணமும் உங்களை வேறு பக்கம் இழுக்கவே அமைக்கப்பட்டவை. ஓவியர்களுக்காக, மாடலின் சம்மதத்தோடு எடுக்கப்பட்ட படத்தொகுப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். படத்தில் இருப்பவர் வயதுவந்தவர் என்பதும், சம்மதித்தவர் என்பதும் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தப் படத்தைத் தொடவே வேண்டாம். இதில் விதிவிலக்குக்கு இடமில்லை.

சாவையும் வன்முறையையும் வரைவது

கதைகளுக்கும் செய்திகளுக்கும் படம் வரைபவர்களுக்கு உடையற்ற உருவத்தைவிட இவை கடினம். 1479இல் ஃபிளாரன்ஸில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டுத் தொங்கிய பெர்னார்தோ பாரோன்செல்லியை லியோனார்டோ டா வின்சி வரைந்தார். அதே தாளின் ஓரத்தில் அவன் தொப்பி என்ன நிறம், மேல்சட்டை என்ன துணி, காலுறை என்ன நிறம் என்று குறித்துவைத்திருக்கிறார். அதே ஆண்டிலிருந்து சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1879இல், பிரெஞ்சு ஓவியர் மோனே தன் மனைவி கமீலை மரணப்படுக்கையில் வரைந்தார். உயிர் பிரிந்த முகத்தில் நிறங்கள் மாறுவதைக் கண் தன்போக்கில் கவனித்துக்கொண்டிருந்தது தன்னையே திகைக்கவைத்ததாக அவர் பிற்காலத்தில் நண்பரும் அரசியல்வாதியுமான கிளமான்சோவிடம் சொன்னார். கண் தன் வேலையைச் செய்யும், துக்கமும் கூடவே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று பயந்து உணர்ச்சியை வெட்டி எறிய முயல்பவரின் படம்தான் உயிரற்றுப் போகிறது.

இங்கே நேரும் நடைமுறைத் தவறு, காயத்தின் நுணுக்கத்திலிருந்து தொடங்குவது. உள்ளங்கை அளவுச் சிறுபடங்களில் இருளும் வெளிச்சமும் எங்கே என்று மட்டும் முதலில் முடிவுசெய்யுங்கள். உடல் எந்தப் பக்கம் சரிகிறது, அருகில் இருப்பவர் கை எங்கே போகிறது என்பதிலேயே அந்தக் காட்சியின் கனம் பெரும்பாலும் வந்துவிடும். காயத்தை வரைய வேண்டிய தேவையே சில சமயம் இருக்காது. கொடூரமான செய்திப் புகைப்படங்களை நாள் முழுக்கத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். தேவையான குறிப்பை எடுத்ததும் மூடிவிடுங்கள். அந்த வேலையை இரவின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வரைந்த பிறகு ஒரு தவறு மிச்சமிருக்கிறது. லைஃப் டிராயிங் தாளைச் சமூக ஊடகத்தில் போடுவதற்குமுன், முகம் அடையாளம் தெரிந்தால், மாடலிடம் கேளுங்கள். அவர் ஓவியக் கூடத்தில் நிற்கச் சம்மதித்தார். தன் உறவினர்களின் கைபேசிக்குள் போகச் சம்மதிக்கவில்லை. கேட்க வழியில்லை என்றால் முகம் தெரியாத தாள்களை மட்டும் வெளியிடுங்கள், மற்றவை உங்கள் கோப்பில் இருக்கட்டும். கண்காட்சிக்கு அனுப்புவதானால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.