ஒரே படத்தோடு மறைந்த மௌனப்பட நடிகை: வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

படச்சுருளே மிஞ்சாத நடிகையைப் பற்றி எழுதும்போது, அச்சில் இருந்ததும் யாரோ சொன்னதும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் பெரிய தலைவலி. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசியையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: அந்தக் காலத்து அச்சும் ஆவணமும், பிற்காலத்தில் பிறர் நினைவிலிருந்து சொன்னவை, நாவலும் சினிமாவும். கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் உடனே அதனதன் கட்டத்தில் குறியுங்கள். தள்ளிப்போட்டால் எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும். ரோசியும் ஒரு பாத்திரமாக வரும், 2013-இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படக்காட்சிகளை நடந்த சம்பவமாகவே எழுதியவர்கள் உண்டு.

அடுத்து பெயர். ரோசி, ரோசம்மா, ராஜம்மா, ராஜம்மாள் என நாலு விதமாகவும் தேடுங்கள்.

ரோசி நடித்த அந்த ஒரே படமான ‘விகதகுமாரன்’ வெளியான நாளாக 1928 நவம்பர் 7, 1930 அக்டோபர் 23 என இரண்டு சொல்கிறார்கள். இரண்டையும் போடுங்கள்; ஒன்றைத் தேர்ந்தால் காரணத்தையும் எழுதுங்கள். சமரசமாக 1929 என்று போடுவது அபத்தம். திருவிதாங்கூர் அச்சில் கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டியின் ஆண்டு) வரும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்ஙம் மாதம் முதல் (ஆகஸ்ட் நடு) டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825. துலாம் (ஐப்பசி) 1104 என்றால் 1928, துலாம் 1106 என்றால் 1930. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

மௌனப்படத்தின் நீளம் அடிக்கணக்கில் கிடைத்தால் அடியையே எழுதுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 16 ஃப்ரேம் ஓட்டினால் 1,000 அடி ரீல் 16 நிமிடம் 40 நொடி. 24 ஓட்டினால் 11 நிமிடத்துச் சொச்சம். அன்றைக்கு நிலையான வேகம் கிடையாது, அதனால் நிமிடக்கணக்கு வெறும் உத்தேசம்தான்.

சாதியை மழுப்பாதீர்கள். ‘சர்ச்சை எழுந்தது’ என்று எழுதினால் யார் யாரை என்ன செய்தார்கள் என்பதே மறைந்துவிடும். ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்துப் பெண்ணான ரோசி, படத்தில் நாயர் பெண் சரோஜினியாக நடித்தார்; அது பொறுக்காமல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையின் மீது கல்லெறிந்தார்கள். அன்று ரோசி அரங்கில் இருந்தாரா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அது தாளில் இரண்டாம் கட்டத்துக்குப் போகட்டும்.

பிறகு அவர் நாகர்கோவில் பக்கம் போய், லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து வாழ்ந்தார் என்கிறார்கள். படத்தை எடுத்த ஜே.சி. டேனியலும் அகஸ்தீஸ்வரத்துக்காரர். ஆகவே கேரள ஆவணங்களோடு நிறுத்தாமல் குமரி மாவட்டத்திலும் தேடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெண்ணின் பெயரோடு கணவர் பெயரும் இருக்கும். அதை வைத்துப் பிடிப்பது சுலபம். இன்று வாழும் வாரிசுகளின் பெயர், முகவரி குறிப்பில் வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் புகைப்படத்தைப் போட்டால் ‘ரோசியுடையதாகச் சொல்லப்படுவது’ என்று கீழே எழுதுங்கள். 2023 பிப்ரவரி 10 அன்று வந்த கூகுள் டூடுல் (தேடல் பக்கத்தில் போடும் சிறப்புப் படம்) கையால் வரைந்த ஓவியம்; அது அவர் முகத்துக்குச் சான்று ஆகாது. பிறப்பு 1903, இறப்பு 1988 என்ற ஆண்டுகளோடும், ஆவணம் கையில் கிடைக்கும்வரை, ‘எனப்படுகிறது’ என்று சேர்த்து எழுதுங்கள்.