லண்டனில் படிக்கச் செல்பவரின் முதல் நாட்கள்: எந்த வேலையை எப்போது முடிப்பது

லண்டனில் இறங்கும் மாணவர் முதல் சில நாட்களில் செய்ய வேண்டிய வேலைகள் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆனால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள், வீட்டு வாடகையோ வங்கிக் கணக்கின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், இரண்டுக்கும் உதவும் கடிதம் பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்த பிறகே கைக்கு வரும். எதை முதலில் செய்வது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

விமானம் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டியது இ-விசா வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு சென்றவர்கள், அங்கே போனதும் தபால் நிலையத்தில் அடையாள அட்டையை வாங்க வேண்டும், காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த அட்டை வழங்குவது 2024 அக்டோபருடன் நின்றுவிட்டது. காவல் துறைப் பதிவு முறை 2022 ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. இப்போது உங்கள் விசா நிலை இணையக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தொடங்கி, பாஸ்போர்ட்டை அதனுடன் இணைத்து, பெயர், பிறந்த தேதி, விசா முடியும் நாள் ஆகியவை சரியாக உள்ளனவா என்று ஊரிலிருந்தபடியே பார்த்துவிடுங்கள். வீட்டு உரிமையாளரோ வேலை தருபவரோ உங்கள் விசாவைச் சரிபார்க்க வேண்டும் என்றால், அந்தக் கணக்கிலிருந்து ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாட்களுக்குச் செல்லும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமது முன்னெழுத்து பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு வங்கியிலிருந்து வரும் கடிதமெல்லாம் உங்கள் அப்பாவை விளித்தே தொடங்கும். அது பரவாயில்லை. பெயரின் பகுதிகள் பல்கலைக்கழகத்தில் ஒரு வரிசையிலும் வங்கியில் இன்னொரு வரிசையிலும் மாறிப் பதிவாவதுதான் ஆபத்து. எந்தப் படிவமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே எழுத்துகளில் நிரப்புங்கள்.

இந்திய சிம்மை மூடிவிடாதீர்கள். உங்கள் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து இணையவழியில் பணம் அனுப்பும்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்புவதற்கு முன்பு ரோமிங்கை இயக்கி, குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றில் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். லண்டனில் புதிய சிம் வாங்குவது மிகவும் எளிது; ஒப்பந்தம் இல்லாமல் முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் சிம்முக்கு அடையாளச் சான்று எதுவும் கேட்பதில்லை.

அசல் சான்றிதழ்கள், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். அம்மா கட்டிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுசெல்ல அனுமதி இல்லை.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல பிக்காடிலி லைன் ரயில் மலிவு. எலிசபெத் லைன் சற்றுக் கூடுதல் கட்டணத்தில் விரைவாகச் சென்றுவிடும். இரண்டிலும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையையோ, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் அட்டையையோ வாயிலில் தொட்டு உள்ளே போய், இறங்குமிடத்தில் மீண்டும் தொட்டு வெளியே வரலாம். உள்ளே போகும்போது தொட்ட அதே பொருளைத்தான் வெளியே வரும்போதும் தொட வேண்டும். கைபேசியில் தொட்டு நுழைந்து, அதே வங்கிக் கணக்கின் அட்டையைத் தொட்டு வெளியேறினால், கருவி அதை முடிவுறாத இரண்டு பயணங்களாகக் கருதி இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடித்துவிடும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும்; ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறி ஏறினால் இரண்டாவது கட்டணம் கிடையாது என்பதால், நகரத்தைப் பழகிக்கொள்ளப் பேருந்தே நல்லது. மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் அட்டையில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் அது வார, மாதப் பயணச் சீட்டுகளுக்கு மட்டுமே. தினமும் கல்லூரிக்குப் போகாதவருக்கு அதனால் பெரிய பயன் இருக்காது.

வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ பல்கலைக்கழகப் பதிவை முடித்துவிடுங்கள். கடைசித் தேதி தவறினால் பல்கலைக்கழகம் அதை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவே ரத்தாகலாம். பதிவு முடிந்த கையோடு இரண்டு கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் லண்டன் முகவரியுடன் வங்கிக்கு ஒன்று, கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வீட்டு வரியிலிருந்து விலக்குப் பெற ஒன்று. வீட்டில் இருப்பவர்கள் அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கட்டத் தேவையில்லை, ஆனால் விலக்கை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். அதே வாரத்தில் அருகிலுள்ள ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடமும் பதிவு செய்துகொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமாகக் கட்டியிருக்கிறீர்கள். காய்ச்சல் வந்த பிறகு பதிவு செய்ய ஓடுவதில் பொருளில்லை. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அறை பிடிப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊரில் இருந்தபடியே படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவதைவிட, பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ சில வாரங்கள் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்வதே மேல் என்பது என் கருத்து. அறையைப் பார்க்கப் போகும்போது ஜன்னல் ஓரங்களையும் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பாருங்கள். கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படிந்திருந்தாலோ, புதிதாக அந்த மூலைக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தாலோ, குளிர்காலத்தில் அந்தச் சுவர் மீண்டும் ஈரமாகும். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். ஹீட்டரைப் போடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். மின்சாரம், எரிவாயு, இணையம் ஆகியவை வாடகைக்குள் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. வாங்கிய முன்பணத்தை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, அதன் விவரத்தையும் உங்களுக்குத் தர வேண்டும். உரிமையாளரே உடன் வசிக்கும் வீட்டில் அறை எடுத்தால் இந்தக் காப்பு விதி பொருந்தாது. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பகுதிகளில் தெரிந்தவர் மூலம் கிடைக்கும் தமிழர் வீட்டு அறைகள் பலவும் இந்த வகைதான் என்பதால், நம்மவர்தானே என்று ரசீது கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

பட்டப்படிப்பு மாணவர்கள் கல்விப் பருவம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சுயதொழில் கூடாது என்பதால், செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை மாணவர் விசாவுக்கு ஒத்துவராது. நண்பரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். வேலை செய்பவரின் வரி, காப்பீட்டுக் கணக்குக்கான தேசியக் காப்பீட்டு எண் வரும்வரை வேலையில் சேர முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்ணப்பித்துவிட்டுச் சேரலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. உள்துறை அமைச்சகத்திலிருந்து பேசுவதாகவும், விசாவில் தவறு இருப்பதாகவும், உடனே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்திவிடுவோம் என்றும் வரும் தொலைபேசி அழைப்புகள் மோசடியே. பதில் பேசாமல் துண்டித்துவிட்டு, அழைப்பு வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.