கோல்டுபிஷ் வயிறு உப்பியிருந்தா முதல்ல மேல இருந்து பாருங்க

கோல்டுபிஷ் வயிறு உப்பியிருந்தா உடனே மருந்த ஊத்தாதீங்க, தொட்டிக்கு மேல நின்னு செதிலப் பாருங்க. செதில் ஒடம்போட ஒட்டி வழவழன்னு இருந்தா பெரும்பாலும் மலச்சிக்கல்தான், ரெண்டு மூணு நாள் தீனிய சுத்தமா நிறுத்திட்டு அப்புறம் ஒரு பச்சைப் பட்டாணிய வேகவெச்சு தோல உரிச்சு மசிச்சு துளித்துளியா போடுங்க, உப்பு காரம் எதுவும் சேர்க்கக் கூடாது.

கோல்டுபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, தின்னது நேரா குடலுக்குத்தான் போகும், அதனால காய்ஞ்ச பெல்லட்ட (உருண்டைத் தீனிய) அளவுக்கு மீறிப் போட்டா குடல் அடைச்சிக்கும். பட்டினி போட்டா குடலுக்கு ஓய்வு கெடைக்கும், பட்டாணி நார்ச்சத்து அடைப்ப நகர்த்தி விடும். பாவம், பசியில கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து கேக்கும், மனசு இளகிடாதீங்க!

செதில் பைன் காய் மாதிரி விரிஞ்சு நின்னா இது உதவாது, அது டிராப்ஸி, ஒடம்புக்குள்ள நீர் கோத்துருக்குன்னு அர்த்தம், கிட்னி பாதிச்சிருக்கலாம். தனித் தொட்டிக்கு மாத்திட்டு பழைய தொட்டித் தண்ணில அம்மோனியா (மீன் கழிவுல இருந்து சேர்ற விஷம்) டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பீட்டாவுக்கு (சண்டை மீனுக்கு) பட்டாணி வேண்டாம், அது புழு பூச்சி தின்ற மீன், பட்டினிக்கப்புறம் டாப்னியாங்கற குட்டித் தண்ணிப்பூச்சிய குடுங்க. கப்பி, மோலி மீன்ல பொட்டைக்கு வயிறு பெருத்தா சினையான்னு பாத்துக்கோங்க, குஞ்சு மீன மட்டும் பட்டினி போடவே போடாதீங்க.